எலும்பாசானும் ஆண்டவரின் தோள்பட்டையும்

கடவுளுக்கு விலா எலும்பு எத்தனை என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு எதிர்வீட்டில் ஐந்து வருஷம் குடியிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. இருபத்து நாலு என்று அடித்துச் சொல்வார். நம்பாதவர்களிடம், "சந்தேகம்னா உம்ம நெஞ்சத் தொட்டு எண்ணிப் பாரும்வே. உமக்கு எத்தனையோ அத்தனதான் அவருக்கும்" என்பார். எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. நானும் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். பதினெட்டு வரை வந்து குழம்பிப்போய் விட்டுவிட்டேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. கோட்டாற்றிலிருந்து மூன்று மைல் தள்ளி இருந்த ஒரு கத்தோலிக்க ஊரில், கோயில் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். வயது இருபத்து நாலு. உடம்பில் சதை என்று ஒன்று வைக்க ஆண்டவர் மறந்திருந்த காலம். தெற்குத் தாலுகாக்கள் முழுவதும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருப்பதா, பிரிந்து சென்னையோடு சேருவதா என்று கொதித்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊருக்கு மட்டும் அதில் தலையிட நேரமில்லை. அதைவிடப் பழைய வழக்கு ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. சேசுநாதர் எப்படி ஒரே ஆளாக இருந்துகொண்டு மனிதராகவும் கடவுளாகவும் இருக்க முடியும்? இயேசு என்று இப்போது சொல்கிறோம், அன்றைக்கு எங்களுக்கு அவர் சேசுநாதர்தான். இந்த வழக்கில் ஒரு பக்கம் எலும்பாசான், மறுபக்கம் கோயில் உபதேசியார்.

எலும்பாசானுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கோயில் பதிவேட்டைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ஒடிவு, முறிவு, சுளுக்கு, மூட்டு இறக்கம் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். பனையிலிருந்து விழுந்தவர்கள், வயல் வரப்பில் சறுக்கினவர்கள், கோட்டாற்றுக் கடைகளில் மூட்டை சரிந்து விழுந்த சாயபுமார், குளச்சலிலிருந்து கட்டுமரம் இடித்துக் கை ஒடிந்த மீனவர்கள் என்று அவர் வீட்டு வாசலில் தினமும் ஒரு கூட்டம் முனகிக்கொண்டிருக்கும். தன் எல்லை எதுவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். "தோலு கிழிஞ்சா நெய்யூர் ஆஸ்பத்திரி. கிழியல்லன்னா நானு" என்று ஒரே வரியில் பிரித்து வைத்திருந்தார்.

ஆள் குள்ளம். அகலமோ இரண்டு பேருக்குப் போதும். மனிதர்களை அவர் முகம் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. "சாரே, நேத்து ஒரு எடது கணுக்காலு வந்து உம்மள விசாரிச்சுது" என்பார். எந்தக் கணுக்கால் என்று நான்தான் ஊருக்குள் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நான் குடிவந்த அன்று பாய், பெட்டியோடு வண்டியிலிருந்து இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஒம்ம வலத்தோளு கொள்ளாது சாரே. ஒரு நாளு எறங்கும்." வருகிறவனை வரவேற்கும் முறையா இது என்று எனக்கு வந்த கோபம் ஒரு வாரம் தணியவில்லை.

அவர் வைத்தியத்தில் மருந்து பாதி, ஒரு வாக்கியம் பாதி. இறங்கின மூட்டில் முறிவெண்ணெயைத் தடவுவார். மணிக்கட்டை ஒரு கையால் பிடிப்பார். நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையாக விறைத்திருப்பான். அப்போது ஆசான் அவன் காதருகே குனிந்து, கோயிலில் பேசும் குரலில் சொல்வார்:

"அவருக்கும் நொம்பலம் எடுத்துது மக்கா. நம்மளப் போல ஒரு ஆளுதானே."

நொம்பலம் என்றால் எங்கள் பக்கத்தில் வலி. 'ஆளுதானே' என்பதற்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இழுத்துவிடுவார். ஒரே இழுப்பு. மூட்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதன் சூட்சுமத்தை ஒருமுறை எனக்கு விளக்கினார். வலிக்கிறவன் தனியாக இருக்கிறானாம். அவனைப் போலவே கடவுளும் ஒருநாள் கிடந்து துடித்தார் என்று கேட்டதும், ஒரு கண் சிமிட்டும் நேரம் அவன் உடம்பு இளகிக் கொடுக்குமாம். "அந்த ஒரு சிமிட்டு போதும் சாரே எனக்கு" என்றார். யார் வந்தாலும் இதே வாக்கியம்தான். நெற்றியில் நாமம் போட்ட அய்யாவழி விவசாயி ஒருவர் வந்து கை நீட்டினார். ஆசான் வாக்கியத்தைச் சொன்னதும் அவர், "எங்க அய்யாவும் ஜெயில்ல கெடந்து பட்டாரு ஆசானே. நீரு பேசாம இழும்" என்றார். அன்றைக்கு மூட்டு மிக அழகாக ஏறியதாக ஆசான் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி உபதேசியார். நெட்டை மனிதர், சலவை வேட்டி, மணி அடித்தது போன்ற குரல். ஊரில் எல்லாருக்கும் ஞான உபதேசம் சொல்லிக் கொடுத்தவர். அவர் மனதில் இருந்த சேசுநாதர் பீடத்துச் சுரூபம் போல வெள்ளையாக, பொன் விளிம்போடு, வேர்வை வராமல் இருந்தார். உபதேசியார் கெட்டவர் இல்லை. ஆண்டவருக்கு வலித்தது என்ற நினைப்பையே அவரால் தாங்க முடியவில்லை. அவ்வளவு பிரியம். அதனால், பாடுகள் எல்லாம் வெளிக்குத்தான், உள்ளே தெய்வம் ஒன்றும் தெரியாமல் அமைதியாக இருந்தது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கோயில் முற்றத்தில் இருவரும் பிடித்துக்கொள்வார்கள். கடவுள் தூங்குவாரா என்று உபதேசியார் கேட்பார். படகில் தூங்கினாரே, அதுவும் தலையணை வைத்துக்கொண்டு தூங்கினாரே என்பார் ஆசான். எழுந்து காற்றை அடக்கியது யார் என்பார் உபதேசியார். அடக்கியது தெய்வம், தூக்கத்தைக் கெடுத்தார்களே என்று சீடர்களைக் கடிந்துகொண்டது மனிதன் என்பார் ஆசான். கிணற்றடியில் தாகம், அத்திமரத்தடியில் பசி, லாசர் கல்லறையில் கண்ணீர் என்று ஆசான் அடுக்கிக்கொண்டே போவார். அதெல்லாம் நமக்காகக் காட்டினது என்று உபதேசியார் முடிக்கப் பார்ப்பார்.

"காட்டினதுன்னா, நடிச்சாருன்னா சொல்லுகீரு?" என்று ஆசான் ஒருநாள் கேட்டார். "அவரு அழுததும் நடிப்பு, தாகம்னு சொன்னதும் நடிப்புன்னா, பின்ன நாம யார நம்பி அழுகது உபதேசியாரே?"

உபதேசியார் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

இதோடு போயிருந்தால் வழக்கு முற்றத்திலேயே கிடந்திருக்கும். முற்றவைத்தது கோயிலின் பெரிய சிலுவைச் சுரூபம். அதைச் செதுக்கினவர் யாரோ, ஆண்டவரின் வலது தோளைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டார். நமக்கெல்லாம் அது கண்ணில் படாது. ஆசானுக்கோ பூசை முழுவதும் வேறொன்றும் கண்ணில் படாது. அப்பம் எழுந்தேற்றும் நேரத்தில்கூட அவர் கை தன்னையறியாமல் காற்றில் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். கடைசியில் ஒருநாள் மத்தியானம், கோயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஏணி போட்டு ஏறி அந்தத் தோளில் முறிவெண்ணெயைத் தடவிவிட்டு இறங்கிவிட்டார். மரத்தை இழுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். தடவவாவது செய்வோம் என்று நினைத்திருக்கிறார்.

சாயங்காலம் விளக்கேற்ற வந்த உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். ஆண்டவரின் தோளிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மணியைப் பிடித்து அடித்தார் பாருங்கள், ஊரே அடுப்பில் இருந்ததை இறக்காமல் ஓடி வந்தது. புதுமை, புதுமை, ஆண்டவரின் அற்புதம் என்று உபதேசியார் முழந்தாளில் நின்று அழுதுகொண்டிருந்தார். கூட்டமும் முழந்தாளிட்டது. ஒரு கிழவர் மட்டும் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். பிறகு பக்கத்திலிருந்தவர் உறிஞ்சினார். அந்த ஊரில் அந்த எண்ணெய் ஏறாத முழங்காலே கிடையாது. முழந்தாளில் நின்ற கூட்டம் முழுவதும் மெல்லத் திரும்பி, கடைசித் தூணருகே கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற எலும்பாசானைப் பார்த்தது.

அந்த அவமானத்தை உபதேசியார் மறக்கவில்லை. மறுநாளே பங்குச் சாமியாரிடம் போய், ஆசான் வேதத்துக்கு விரோதமாகப் பிரசங்கம் செய்கிறார் என்று முறையிட்டார். பிரசங்கம் எங்கே என்றால், எலும்பு இழுக்கிற இடத்தில். ஆண்டவர் நம்மைப் போல ஒரு ஆள் என்று, வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் சொல்கிறார். மனிதனை மட்டும் வைத்துக்கொண்டு கடவுளை விட்டுவிடுகிறார்.

சாமியார் நிறையப் படித்தவர். நிறையப் படித்தவர்களுக்கே உரிய சங்கடம் அவருக்கும் உண்டு; இரண்டு பக்கமும் நியாயம் தெரியும். ஆசானைக் கூப்பிட்டு, நீர் சொல்வது தப்பில்லை, ஆனால் பாதிதான் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு காகிதத்தில் முழு உண்மையையும் எழுதிக் கொடுத்தார். இனி நோயாளிகளிடம் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது தீர்ப்பு. அந்தக் காகிதத்தை ஆசான் எனக்கு அத்தனை தரம் வாசித்துக் காட்டியதால் இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்:

"மெய்யான தேவனும் மெய்யான மனிதனுமாகிய நமது ஆண்டவர், தமது தேவ சுபாவத்தில் யாதொரு நோவும் அறியாதவராயிருந்தும், தாம் எடுத்த மனுஷ சுபாவத்தில் மெய்யாகவே நோவு அனுபவித்தருளினார்."

ஒரு குற்றம் சொல்ல முடியாது. இரண்டு சுபாவமும் இருக்கின்றன, ஆள் ஒருவரே, கலப்பும் இல்லை பிரிவும் இல்லை. எலும்பு இழுக்க மட்டும் அது உதவவில்லை.

சாமியார் சொல்லை ஆசான் மீறுகிறவர் இல்லை. அட்சரம் பிசகாமல் சொன்னார். 'தேவ சுபாவத்தில்' என்பதற்குள் நோயாளி ஆசானின் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பான். 'அறியாதவராயிருந்தும்' வரும்போது, வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோமா என்று யோசிக்கத் தொடங்குவான். முடிவதற்குள் உடம்பு இளகி, மறுபடி விறைத்து, மறுபடி இளகி, ஆசானுக்கு எந்த இடத்தில் இழுப்பது என்று தெரியாமல் போகும். குளச்சல் மீனவர் ஒருவர் வாய்விட்டே கேட்டார்: "ஆசானே, இதுல நீரு எந்தச் சுபாவத்துல இழுப்பீரு? முன்கூட்டிச் சொன்னா நான் பல்லக் கடிச்சுக்கிடுவேன்."

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒரு வாரத்தில், களை பறிக்கப் போய் விழுந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டை அவர் மூன்று தரம் இழுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண் போட்ட சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டது. கட்டுப்போட்டு அனுப்பிவிட்டு ஆசான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது வருசத்துல ஒரு ஆளையும் ரெண்டாம் தடவ இழுத்ததில்ல சாரே" என்றார். "கை அந்த வார்த்தைக்குத்தான் பழகியிருக்கு. வேற ஒண்ணுக்கும் அது கேக்காது."

கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "அதுவும் போட்டு, விடும். உள்ளதச் சொல்லும். அவருக்கு நொம்பலமே எடுக்கல்லன்னா, ஒடிஞ்சு வந்தவன்கிட்ட எல்லாம் முப்பது வருசமா நான் கள்ளமா சொன்னேன்?" என்று கேட்டார்.

அதிலிருந்து வாசலில் கூட்டம் குறைந்தது. வண்டிகள் நேராக நெய்யூர் பக்கம் திரும்பத் தொடங்கின. தோல் கிழியாதவர்களும் போனார்கள்.

அந்த வருஷத் தபசுகால நோன்பில்தான் உபதேசியார் பாஸ்கா நாடகம் போட முடிவு செய்தார். ஆண்டவரின் பாடுகளை ஊரே சேர்ந்து நடிக்கிற நாடகம் அது. பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல், கோயில் மைதானத்தில், நல்ல வெயிலில். மூன்று மணிக்கு ஆண்டவர் உயிர் விட்டாக வேண்டும் என்பதில் உபதேசியார் கண்டிப்பாக இருந்தார். சேசுநாதர் வேஷத்துக்கு ஊரைச் சல்லடை போட்டுத் தேடி என்னைப் பிடித்தார்கள். எனக்குப் பக்தி அதிகம் என்பதற்காக இல்லை. சிலுவையில் தொங்குகிற உடம்பு வேண்டும், அது என்னிடம் ரெடியாக இருந்தது.

பள்ளி விட்டதும் ஒத்திகை. உபதேசியார் வலது பக்கம் நின்றுகொண்டு, கசையடி விழும்போது முகம் சுளிக்கக் கூடாது என்பார். ஒரு துண்டைத் தோளிலேயே போட்டிருப்பார். தெய்வத்துக்கு வேர்க்காது என்று, எனக்கு ஒரு சொட்டு வேர்வை வந்தாலும் ஓடிவந்து ஒற்றியெடுப்பார். இடது பக்கம் மதில்மேல் ஆசான் உட்கார்ந்திருப்பார். ஒலிவத் தோட்டத்தில் ரத்தமாக வேர்த்தவருக்குத் துண்டு எதுக்கு என்று முணுமுணுப்பார். "சுளியும் சாரே, நல்லா சுளியும். அடி வாங்குகது நீரு" என்று எனக்குச் சைகை காட்டுவார். நான் ஒருவருக்கு எதிர்வீட்டுக்காரன், மற்றவருக்கு அடுத்தவீட்டுக்காரன். யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். வலது பக்கம் திரும்பும்போது முகத்தை அமைதியாக வைத்துக்கொள்வேன். இடது பக்கம் திரும்பும்போது துடிப்பேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இடது பக்கம் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். வலது பக்கம் இருந்த ஆண்கள், வாத்தியாருக்கு நடிப்பு வராது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் சாமியார் வந்து நடுவில் நின்று பார்த்தார். முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனிதனை ஒரு பக்கமும் கடவுளை மறுபக்கமும் இப்படிப் பிரித்து வைப்பது பழைய பதிதக் கொள்கை என்றும், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே திருச்சபை அதை விலக்கிவிட்டது என்றும் வருத்தத்தோடு சொன்னார். இருபத்து நாலு வயதில், சம்பளத்துக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறவன், கழுத்தை ஒரு பக்கம் திருப்பியே பதிதன் ஆனது உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பு சிலுவை வந்து சேர்ந்தது. முழுப் பனந்தடி. இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நான் பார்த்ததும் மூங்கிலில் ஒன்று செய்து காகிதம் ஒட்டிவிடலாமே என்று கெஞ்சினேன். உபதேசியார் என் முதுகைத் தட்டிக் கொடுத்து, "தெய்வத்துக்குக் கனம் ஏது சாரே" என்றார். அவர் கொள்கைப்படி அது சரிதான். ஆண்டவருக்கு உதவியாகச் சிலுவை சுமக்கிற சீமோன் வேஷக்காரர் அதைத் தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எலும்பாசான் வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. அந்தத் தடியைத் தூக்கக்கூடிய ஆள் ஊரில் இன்னும் ஒருவர்தான் இருந்தார். உபதேசியாரே போய் ஆசானைக் கேட்க வேண்டியதாயிற்று. நாடகத்தில் சீமோனுக்கு வசனமே கிடையாது என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"சுமக்கேன் உபதேசியாரே" என்றார் ஆசான். "ஆனா மொதல்ல சுமக்கப்போறது அந்த வாத்தியாராக்கும். அது மனுசன், பாத்துக்கிடும்."

பெரிய வெள்ளி வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சனம் திரண்டிருந்தது. சாமியார் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார். பிலாத்து கை கழுவினார். பனந்தடியை என் வலது தோளில் ஏற்றினார்கள். ஐந்து அடி நடந்தேன். ஆறாவது அடியில், முதல் முறை விழ வேண்டிய இடத்துக்கு நாலு அடி முன்னாலேயே, விழுந்தேன். தோளுக்குள் என்னமோ கழன்று கீழே போனது. நான் போட்ட சத்தம் எந்த வசனத்திலும் இல்லாதது. திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியார், "முகம், சாரே, முகம்" என்று கிசுகிசுத்தார்.

அடுத்தது மாதாவைச் சந்திக்கிற கட்டம். மாதா வேஷக்காரர் முக்காட்டோடு தயாராக நின்றார். அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, தன் முறைக்கு முன்பே சீமோன் வந்தார். தலைப்பாகையோடு என் பக்கத்தில் மண்டியிட்டார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது அவருக்கு. மணிக்கட்டைப் பிடித்தார். என் உடம்பு முழுவதும் கல்லாக இறுகியது.

"மெய்யான தேவனும் மெய்யான மனிதனுமாகிய நமது ஆண்டவர்" என்று ஆரம்பித்தார். அந்த நேரத்திலும் சாமியார் சொல்லை அவர் மீறவில்லை. 'தேவ சுபாவத்தில்' வரைக்கும் வந்தார். அதற்குமேல் வாய் வரவில்லை. திரும்பிச் சாமியாரைப் பார்த்தார். சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். ஆசான் மறுபடி என்னைப் பார்த்தார். பழைய வாக்கியத்தைச் சொல்லலாம் என்றால், 'அவருக்கும்' என்று யாரைச் சுட்டுவது? முள்முடியும் சிவப்பு அங்கியும் மண் அப்பின முகமுமாக ஆசான் முன்னால் கிடப்பதே அந்த ஆண்டவராயிற்றே. ஆசானின் கண்ணை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாத்தியாரை அவர் அப்போது பார்க்கவில்லை என்று சத்தியமாகச் சொல்வேன்.

முப்பது வருஷமாகக் கேட்க நினைத்ததை, ஆள் நேரிலேயே அகப்பட்டதும், மெல்லக் கேட்டார்.

"ஆண்டவரே, நொம்பலம் எடுக்குதா?"

எனக்குத் தெரிந்தது என் தோள் மட்டும்தான். "எடுக்குது ஆசானே" என்றேன்.

சொன்ன அந்த நொடியில் என் உடம்பு இளகியிருக்க வேண்டும். இழுத்தார். ஒரே இழுப்பு. தோள் ஏறிவிட்டது.

மைதானத்தில் முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை கிளம்பியது. கொஞ்சம் கழித்து ஆண்கள் பக்கத்திலிருந்தும் வந்தது. சலவை வேட்டியோடு, கையில் நாடக நோட்டோடு, எருசலேம் தெருவுக்குள் உபதேசியார் ஓடி வந்தார். நோட்டைக் கீழே போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைத்தார், மண்ணைத் துடைத்தார், கண்ணீரைத் துடைத்தார். "நொந்துதா, நொந்துதா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆண்டவரின் முகத்தைத் துடைத்த வெரோணிக்கம்மாளின் கட்டம் என்றே சனம் நினைத்துக்கொண்டது. உபதேசியார் போட்ட பாஸ்காவிலேயே இதுதான் சிறந்த இடம் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். ஆசான் எழுந்து பனந்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு கல்வாரி வரைக்கும் தனியாகச் சுமந்தார். மூன்று மணிக்கு நான் ஒரு கையை மட்டும் விரித்து உயிர்விட்டேன்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் சாமியார் தாமே ஆசான் வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "இது புத்தகத்தில் இருக்கட்டும். உமக்குப் பழையதே போதும்" என்றார். அடுத்த வாரமே வாசலில் முனகல் பழையபடி கேட்கத் தொடங்கியது. எனக்கு அது பாட்டுக் கேட்பது போல இருந்தது.

நாங்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அன்று, கோயில் மணியைக் கொஞ்சம் உற்சாகமாகவே அடித்துவிட்டு இறங்கின உபதேசியார் மணிக்கூண்டுப் படியில் சறுக்கினார். முழங்கை விலகிவிட்டது. ஊரே வெடி போட்டுக்கொண்டிருக்க, அவரைத் தாங்கிக்கொண்டு நான்தான் ஆசான் வீட்டுக்குப் போனேன். ஆசான் எண்ணெய் தடவினார். மணிக்கட்டைப் பிடித்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல், "மெய்யான தேவனும் மெய்யான மனிதனுமாகிய" என்று தொடங்கினார்.

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு, "ஆசானே, சின்னதச் சொல்லும்" என்றார்.

ஆசான் சின்னதைச் சொன்னார். அதற்கப்புறம் அந்த வழக்கை யாரும் எடுக்கவில்லை.

பல வருஷம் கழித்து, ஆசானுக்கு முடியவில்லை என்று ஆள் வந்து சொல்ல, நான் வேலை பார்த்த ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ஒரு காலைப் பொழுது. இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு மாதமாகக் கிடக்கிறார் என்றார்கள். அந்த அகலமான உடம்பு கட்டிலில் பாதிகூட இல்லை. யார் என்று கேட்கவில்லை. தடவிப் பார்த்து என் வலது தோளைக் கண்டுகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர்ப்பட்ட எலும்புகளுக்கெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார், அவருக்குச் சொல்ல யாருமில்லையே என்று நினைத்தேன். குனிந்து அவர் காதருகே சொன்னேன்.

"அவருக்கும் நொம்பலம் எடுத்துது ஆசானே. நம்மளப் போல ஒரு ஆளுதானே."

அவர் முகம் இளகியது. கண்ணைத் திறக்காமலே மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார்.

"பேசாம இழும் சாரே" என்றார்.

எனக்கு இழுக்கத் தெரியாது. அவர் தூங்கும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.